கஞ்சி இறங்குகிறது, தண்ணீர் ஏன் புரைக்கேறுகிறது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குப் பாரிசவாதம். இப்ப துண்டு வெட்டி வீட்டுக்கு வந்திட்டார். தடிப்பாக் கஞ்சி குடுக்கலாமாம், தண்ணி மட்டும் வேணாமாம். தண்ணிதானே விழுங்க லேசு?"

பேச்சுச் சிகிச்சையாளர்களான எங்களை வார்டில் முதலில் கூப்பிடுவது பெரும்பாலும் விழுங்குதலைப் பார்க்கத்தான். பேசும் நாக்கும் அண்ணமும் குரல்வளையும்தானே விழுங்கவும் வேண்டும். மூளைக்கு இரத்தம் போகாமல் கலங்கள் இறப்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். நேரே தொண்டைக்கு வருவோம்.

கழுத்தின் முன்பக்க மேட்டில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலெழும்பி, சற்று முன்னே போய், மீண்டும் கீழே இறங்கும். மூச்சும் உணவும் தொண்டையில் ஒரே வழியால்தான் போகின்றன. மட்டக்களப்பில் 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வரும்வரை மறுபக்கம் காத்து நின்றதுபோல, ஒன்று போகும்போது மற்றது நிற்க வேண்டும். ஆகவே விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்கிறது. குரல்நாண்கள் இறுக மூடுகின்றன, மேலே உள்ள மூடி மடிந்து கவிழ்கிறது.

எனக்கு இன்றும் அலுக்காத இடம் இதற்கு அடுத்தது. உணவுக்குழாயின் வாய் சாதாரண நேரத்தில் இறுக மூடியே இருக்கும். விழுங்கும்போது அந்த வளையத்தசை தளர்கிறது. ஆனால் தளர்ந்தால் மட்டும் போதாது, யாராவது அதை இழுத்துத் திறக்க வேண்டும். இழுப்பது குரல்வளைதான்! முன்னே மேலே போகும் அதே அசைவு மூச்சுக்குழாயை மறைக்கிறது, உணவுக்குழாயைத் திறக்கிறது. முகுளம் நடத்தும் இந்த வேலை முழுவதும் ஏறத்தாழ ஒரு செக்கனில் முடிந்துவிடும். முடிந்ததும் நம்மில் பெரும்பாலானோர் மூச்சை வெளியே விடுகிறோம். வழியில் ஏதும் மிஞ்சியிருந்தால் அந்தக் காற்று அதை வெளியே தள்ளும்.

பாரிசவாதத்துக்குப் பிறகு இந்த அசைவு பலருக்குப் பிந்தித் தொடங்குகிறது. ஒரு செக்கன் பிந்தினாலே போதும். தண்ணீர் காத்திருக்காது, நாக்கின் அடியைத் தாண்டி, இன்னும் மூடாத மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். தடிப்பான கஞ்சி மெல்ல நகர்வதால் மூடுவதற்கு நேரம் கிடைக்கிறது. அதற்காகக் களிபோலக் காய்ச்சவும் கூடாது. அளவு மிஞ்சிய தடிப்பு தொண்டையில் தங்கி, விழுங்கி முடிந்த பிறகு மூச்சுக்குழாயில் விழும்.

கஞ்சியிலும் ஒரு சிக்கல் உண்டு. எச்சிலில் உள்ள அமிலேசு மாப்பொருளை உடைப்பதால், வாயில் வைத்த கரண்டியைத் திரும்பத் திரும்பக் கோப்பைக்குள் விட்டால் கஞ்சி நீர்த்துப்போகும். சோற்றுப் பருக்கை மிதக்கும் கஞ்சியும் ஆகாது; அரைத்து வடியுங்கள். தடிப்பை அளக்க உலக அளவில் ஒரு முறை இருக்கிறது: 10 மில்லிலீற்றர் கோடுவரை 61.5 மில்லிமீற்றர் நீளமுள்ள சிரிஞ்சின் தண்டைக் கழற்றி, நுனியை விரலால் அடைத்து, அந்தக் கோடுவரை ஊற்றி, 10 செக்கன் ஓடவிட வேண்டும். தண்ணீரானால் ஏதும் மிஞ்சாது. 4 முதல் 8 மில்லிலீற்றர் மிஞ்சினால் அது இரண்டாம் தரத் தடிப்பு. அப்பாவுக்கு எந்தத் தரம் என்பதை அவரைப் பார்த்த சிகிச்சையாளரிடமே கேளுங்கள்.

புரைக்கேறினால் "யாரோ நினைக்காங்க" என்று உச்சியில் தட்டுவோம். சுகதேகிக்கு அதனால் கெடுதல் இல்லை. "இருமவே இல்லையே, நல்லா இறங்குது" என்ற நம்பிக்கைதான் ஆளைக் கொல்லும். தொண்டையில் உணர்வு மங்கியவருக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போகும். குடித்ததும் "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள்; குரல் ஈரமாகக் களகளத்தால் நிறுத்துங்கள். இருமலும் இல்லை, குரலும் தெளிவு என்றாலும் முழு உத்தரவாதம் கிடையாது. கோயில் தீர்த்தமோ ஓதிய தண்ணீரோ, எதையும் மயக்கத்தில் கிடப்பவர் வாயில் ஊற்றாதீர்கள். நெற்றியில் தடவுங்கள். நம்பிக்கைக்கு அதில் குறைவில்லை. பல்லையும் நாக்கையும் தினமும் சுத்தம் செய்யுங்கள். நுரையீரலுக்குள் போகும் எச்சிலோடு வாயிலுள்ள கிருமியும் போனால் நியூமோனியா வரலாம்.

எக்ஸ்-றேயில் விழுங்குதலைப் படமாகப் பார்க்கும் பரிசோதனையும், தமிழில் பேசும் சிகிச்சையாளர்களும் கிழக்கின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டும். நியூமோனியா வந்த பிறகு கட்டிலுக்கும் மருந்துக்கும் கொட்டும் பணத்தை முன்கூட்டியே இதற்குச் செலவிடுவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

மகளுக்கு ஒரு நல்ல செய்தி. விழுங்கும் தசைகளை மூளையின் இரு பக்கங்களும் ஆள்கின்றன, ஆனால் சமமாக அல்ல. விழுங்குதல் திரும்பியவர்களுக்கு, பாதிக்கப்படாத பக்கம் அந்தப் பொறுப்பைக் கூடுதலாக ஏற்றிருந்ததை மான்செஸ்டரில் ஷாஹீன் ஹம்டி குழுவினர் 1998இல் காட்டினார்கள். சில கிழமைகளிலேயே பலருக்கு இது நடக்கிறது. ஆகவே இன்றைய தடை நிரந்தரமாக இருக்க வேண்டியதில்லை. மறுபரிசோதனைத் திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். அதுவரை அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியால், முந்தின வாய் இறங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுங்கள்.