குரோனோகிராஃப் என்னும் காலவரைவி

விளையாட்டுக் கைக்கடிகாரங்களைப் பற்றிய எந்தப் பேச்சிலும் சீக்கிரமே வந்துவிடும் சொல் குரோனோகிராஃப். முகப்புக்குள் இரண்டு மூன்று சிறு வட்டங்கள், வலப்பக்கத்தில் சாவி கொடுக்கும் குமிழுக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பொத்தான். இந்த அமைப்பைக் கண்டால் பெரும்பாலும் அது குரோனோகிராஃப்தான்.

பொருள் எளிமையானது. இப்போது மணி என்ன என்று காட்டுவதோடு, ஒரு நிகழ்வுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் தனியாக அளந்து காட்டும் கடிகாரம் அது. மேல் பொத்தானை அழுத்தினால் அளவு தொடங்கும்; மறுபடி அழுத்தினால் நிற்கும்; கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முட்கள் பூச்சியத்துக்குத் திரும்பும். முகப்பின் நடுவே உள்ள நீண்ட விநாடி முள் இந்த அளவுக்காகவே இருப்பது. அழுத்தாதவரை அது பன்னிரண்டில் அசையாமல் நிற்கும். புதிதாக வாங்கியவர்கள் கடிகாரம் பழுது என்று பயந்துவிடுவது இதனால்தான். வழக்கமான விநாடி, சிறு வட்டங்களில் ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்.

குரோனோமீட்டர் வேறு, குரோனோகிராஃப் வேறு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். விளம்பரங்களில்கூட இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. குரோனோமீட்டர் என்பது துல்லியத்துக்கான பட்டம். நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிட 18ஆம் நூற்றாண்டில் உருவான கடற்கடிகாரங்களிலிருந்து வந்த பெயர் அது. இன்று சுவிட்சர்லாந்தின் காஸ்க் என்ற சோதனை நிறுவனம் ஒரு கடிகார இயந்திரத்தை 15 நாள், ஐந்து கிடைகளில், மூன்று வெப்பநிலைகளில் ஓடவிட்டுப் பார்க்கிறது. சராசரியாக நாளொன்றுக்கு 4 விநாடி பின்தங்கல் முதல் 6 விநாடி முந்தல் வரை என்ற எல்லை உட்பட அதன் தேர்வுகளில் தேறினால்தான் அந்தப் பெயர். பொத்தானும் சிறு வட்டமும் இல்லாத கடிகாரம்கூட குரோனோமீட்டராக இருக்கலாம். எத்தனையோ குரோனோகிராஃப்கள் அந்தச் சோதனைக்கே போனதில்லை.

இனி சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் குரோனோஸ் என்றால் காலம், கிராஃபீன் என்றால் எழுதுதல். சேர்த்தால் ‘காலத்தை எழுதுவது’. கையில் கட்டும் கடிகாரம் எதை எழுதுகிறது? இன்று எதையும் எழுதுவதில்லை. ஆனால் பெயர் வைத்த காலத்தில் நிஜமாகவே எழுதியது. 1821இல் பாரிஸின் ஷான் து மார்ஸ் திடலில் நடந்த குதிரைப் பந்தயத்துக்கு, கடிகாரக் கைவினைஞர் நிக்கோலா ரியூசெக் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். அதற்குள் எனாமல் வட்டுகள் சுழன்றன. மேலே மை தோய்ந்த முனை நின்றது. ஒவ்வொரு குதிரையும் எல்லைக் கோட்டைக் கடந்தபோது அவர் பொத்தானை அழுத்த, வட்டில் ஒரு மைப்புள்ளி விழுந்தது. பந்தயம் முடிந்ததும் புள்ளிகளைப் படித்தால் ஒவ்வொரு குதிரையின் நேரமும் தெரிந்தது. மறு ஆண்டே அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. குரோனோகிராஃப் என்ற சொல் இந்த மைப்பெட்டியோடு வேரூன்றியது. பின்னால் மை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இதற்கும் முந்தைய கருவி ஒன்று உண்டு. லூயி மொயினே என்பவர் 1816இல் முடித்த அந்தக் கருவி, வானியல் நோக்குக்காகச் செய்யப்பட்டது. ஒரு விநாடியை அறுபதாகப் பகுத்துக் காட்டியது. மணிக்கு 2,16,000 அதிர்வு! இன்றைய இயந்திரக் கைக்கடிகாரங்களில் பல 28,800 அதிர்வோடு நின்றுவிடுகின்றன. அதை மொயினே அழைத்த பெயர் வேறு. விநாடியின் அறுபதில் ஒரு பங்கை எண்ணும் கருவி என்று பொருள்படும் பெயர் அது. கருவியால் மொயினே முந்தியவர், பெயரால் ரியூசெக்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நிறுத்துக் கடிகாரம் என்ற சொல் பாடப்புத்தகங்களில் உள்ளது. ஆனால் அது பந்தயத் திடலிலும் ஆய்வுக்கூடத்திலும் கையில் பிடிக்கும் கருவிக்குரியது. அதில் மணி பார்க்க முடியாது. காலமானி என்றால் வெப்பமானி போல வெறும் அளவு என்ற பொருள் வரும், அதைக் குரோனோமீட்டருக்கு விட்டுவைப்பதே முறை. காலப்பதிவி என்றால் அளந்ததை எங்கோ சேமித்து வைப்பதுபோல் தோன்றும். பூச்சியத்துக்குத் திருப்பியதும் முந்தைய அளவு மறைந்துபோகும் கருவிக்கு அது பொருந்தாது.

என் தேர்வு காலவரைவி. முதற்பார்வையில் இது கிரேக்கச் சொல்லின் நேர் பெயர்ப்பு மட்டும்தான் என்று தோன்றும்: காலம், வரைதல். நிலநடுக்க வரைவி என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதே அச்சு. ஆனால் தமிழில் ‘வரை’க்கு இன்னொரு முகம் உண்டு. வரை என்றால் எல்லை, அளவு. அதுவரை, இதுவரை, வரையறை, வரம்பு எல்லாம் அந்தப் பொருளில் வருபவை. காலவரை என்ற சொல்லே நம்மிடம் புழக்கத்தில் இருக்கிறது. காலவரையற்ற ஒத்திவைப்பு என்று செய்திகளில் வராத வாரம் இல்லை. ஆக, காலவரைவி என்னும்போது காலத்தை எழுதுவது என்ற பழைய பொருளும் கிடைக்கிறது, ஓடும் காலத்துக்குத் தொடக்கமும் முடிவும் குறித்துக் கொடுப்பது என்ற இன்றைய பொருளும் கிடைக்கிறது. மை போன பிறகு கிரேக்கச் சொல் இழந்ததைத் தமிழ்ச் சொல் இழக்கவில்லை. இதற்காகவே இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ‘வரை’யில்தான் கைவினையின் முழுக் கடினமும் இருக்கிறது. கடிகாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது. அதன் ஓட்டத்தைத் தொந்தரவு செய்யாமல் ஒரு முள்ளை மட்டும் அதோடு இணைக்கவும் பிரிக்கவும் வேண்டும். அதற்குப் பழைய முறை, பல்சக்கரம் ஒன்றைப் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்றோடு பிணைப்பது. பற்கள் சரியாகப் பொருந்தாத கணத்தில் அழுத்தினால் முள் மெல்லத் துள்ளும். கண்ணாடி அடியின் வழியே பார்க்க அழகான முறை என்பதால் ஆ. லாங்கே நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு டேட்டோகிராஃப் போன்றவை அதையே வைத்துக்கொண்டன. மற்றது செங்குத்துக் கிளட்ச்: இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி உராய்வால் சேர்ந்து சுழலும், துள்ளல் இராது. 1969இல் வந்த சீக்கோ 6139 இந்த முறையில் இயங்கியது.

யார் எப்போது இணைய வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று கட்டளையிடுவது தூண்சக்கரம். சிறு தூண்கள் வட்டமாக எழுந்து நிற்கும் சக்கரம் அது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு படி திரும்பும். நெம்புகளின் அலகு தூணின்மேல் ஏறினால் ஒரு நிலை, இரண்டு தூண்களுக்கு இடையே விழுந்தால் மறுநிலை. இதைச் செய்வது சிரமம், செலவு அதிகம். அதனால் மேடுபள்ள விளிம்புள்ள தட்டையான கேம் தகடு வைத்து இதே வேலையை முடிக்கும் கடிகாரங்களும் நிறைய உண்டு. அவை உழைப்பில் குறைந்தவை அல்ல. ஆனால் நல்ல தூண்சக்கரத்தின் பொத்தானை அழுத்தும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்தச் சீரான, தெளிவான ‘டிக்’ தனிச் சுகம். உயர்தரக் கடிகாரங்களில் ஒவ்வொரு நெம்பின் விளிம்பையும் கையால் சாய்வாகச் சீவிப் பளபளப்பாக்குகிறார்கள்.

மூன்றாவது செயல் பூச்சியத்துக்குத் திரும்புவது. இதற்கு அடோல்ஃப் நிக்கோல் 1844இல் காப்புரிமை பெற்ற வழி இன்றும் மாறவில்லை. முள்ளின் அச்சில் இதய வடிவத் தகடு ஒன்று இருக்கும். சுத்தியல் போன்ற நெம்பு அதன் விளிம்பில் எங்கே வந்து விழுந்தாலும், வழுக்கிக்கொண்டு இதயத்தின் பள்ளத்துக்கே போகும். அந்த வழுக்கலில் முள் நேராகப் பன்னிரண்டுக்கு வந்துவிடும். ஒரு வடிவத்தை மட்டும் வைத்து ஒரு சிக்கலைத் தீர்த்த இந்த யோசனையை நான் கடிகார வரலாற்றின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகவே வைப்பேன்.

கைக்கடிகாரத்துக்குள் காலவரைவி நுழைந்தது 1913 வாக்கில், லாஞ்ஜின் நிறுவனத்தின் இயந்திரத்தோடு. கையசைவால் தானே சாவி ஏறும் காலவரைவிக்கு 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஓராண்டிலேயே ஜெனித்தின் எல் பிரிமேரோ, ஹோயரும் பிரைட்லிங்கும் கூட்டாளிகளோடு செய்த காலிபர் 11 இயந்திரம், மேலே சொன்ன சீக்கோ 6139 என மூன்றும் வந்தன. எல் பிரிமேரோ மணிக்கு 36,000 அதிர்வு. விநாடியில் பத்தில் ஒரு பங்கை அளக்கும்.

விளையாட்டோடு இதை இறுகக் கட்டியது, வேகத்தைக் காட்டும் டாக்கிமீட்டர் அளவுகோல். 1957இல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் அதை முகப்பிலிருந்து எடுத்து வெளி வளையத்தில் பொறித்தது. 1963இல் ரோலெக்ஸின் டேடோனாவும் அதே வழியில் போனது. கணக்கு இதுதான்: ஒரு கிலோமீட்டரைக் கடந்த விநாடிகளால் 3,600ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று தெரியும். 30 விநாடி ஆனால் 120 கி.மீ. வகுக்கும் வேலையை வளையமே செய்துவிடுகிறது. முள் நிற்கும் இடத்தில் உள்ள எண்ணைப் படித்தால் போதும். இதை வேக அளவுகோல் எனலாம். வேகமானி வேண்டாம், அது வண்டியில் இருப்பது. அதைத் தாங்கும் பெசலை வளையம் என்று சொன்னாலே விளங்கும்.

பந்தயத்துக்காகப் பிறந்த ஸ்பீட்மாஸ்டர் 1965இல் நாசாவின் சோதனைகளில் தேறி, 1969இல் நிலவுக்குப் போனதும், 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலம் திசை திருத்த என்ஜினை 14 விநாடி எரித்தபோது அதைக் கொண்டே நேரம் பார்த்ததும் பலருக்கும் தெரிந்ததே.

உறவுச் சொற்களில் தமிழாக்க வேண்டியது ராட்ராப்பான்ட். பிரெஞ்சில் ‘எட்டிப் பிடிப்பது’ என்று பொருள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விநாடி முட்கள் சேர்ந்து ஓடும். முதல் ஓட்டக்காரர் வந்ததும் பொத்தானை அழுத்தினால் ஒன்று நிற்கும், மற்றது ஓடும். மறுபடி அழுத்தினால் நின்றது பாய்ந்து போய் ஓடுவதோடு சேர்ந்துகொள்ளும். எட்டிப்பிடி காலவரைவி என்றால் கேட்டவுடன் புரிகிறது. நிற்கும் முள்ளின் சக்கரத்தை இரண்டு பக்கமும் இடுக்கி கவ்விப் பிடிக்கிறது. கவ்வல் சற்றே தளர்ந்தால் முள் நழுவும்.