மின்தூக்கிக் கதவு மூடிய பிறகு: டூரெட் குறைபாடும் திரையும்

தொடக்கநிலை நான்கில் படிக்கும் சிறுவன் ஒருவன் என் அறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். கொடுத்த தாளில் எம்ஆர்டி ரயில் ஒன்றைப் பெட்டி பெட்டியாக வரைந்தான். இடையிடையே கண்ணைச் சிமிட்டினானே தவிர, வேறெதுவும் தென்படவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாவின் முகம்தான் சுருங்கிக்கொண்டே போனது. "பாத்தீங்களா டாக்டர், இங்க ஒண்ணுமே செய்யமாட்டான். வீட்டுக்கு வந்தாத்தான் ஆரம்பிப்பான். வேணும்னே செய்றான்னு அவன் பாட்டி சொல்றாங்க" என்றார். (நான் மருத்துவ உளவியலாளர், ஆனால் நம் தாய்மார்களுக்கு மருத்துவமனை அறையில் யார் உட்கார்ந்திருந்தாலும் டாக்டர்தான். திருத்துவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.)

மதிய உணவு நேரமாகிவிட்டதால் நானும் அவர்களுடன் மின்தூக்கியில் ஏறினேன். கதவு மூடியதுதான் தாமதம், சிறுவனின் கழுத்து வலப்பக்கமாக வெடுக்கென்று திரும்பியது. உடனே இன்னொரு முறை, பிறகு தோளும் சேர்ந்து. தொண்டையிலிருந்து நாய்க்குட்டி கத்துவதுபோல ஓர் ஒலி. ஒன்பதாம் மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் இருபது முறையாவது இருக்கும். கதவு திறந்ததும், வெளியே காத்திருந்தவர்களைப் பார்த்து, மறுபடியும் அமைதியாகிவிட்டான்.

பிள்ளை நடிக்கிறான் என்பதற்குச் சான்றாக வீட்டில் காட்டப்படுவதும், அவன் நடிக்கவில்லை என்பதற்கு நான் சான்றாக எடுத்துக்கொள்வதும் இந்த ஒரே காட்சியைத்தான். விருப்பமின்றித் திடீரெனத் திரும்பத் திரும்ப வரும் அசைவையும் ஒலியையும் மருத்துவத்தில் 'டிக்' என்பார்கள். பெரும்பாலானோருக்கு அது வருவதற்கு முன் அந்த இடத்தில் ஓர் அரிப்போ இறுக்கமோ எழும். தும்மல் வருவதற்கு முன் மூக்கில் ஏற்படும் உணர்வோடு ஒப்பிடலாம். தும்மலைச் சிறிது நேரம் அடக்கலாம், அடக்கியபடியே கணக்குப் போடுவதுதான் கடினம். வகுப்பில் ஆறு மணி நேரம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, யாரும் கேலி செய்யமாட்டார்கள் என்று நம்பும் இடத்தில் அதை விட்டுவிடுகிறான். அடக்கிவைத்தது பின்னர் இரட்டிப்பாகத் திரும்பும் என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும் ஆய்வுக்கூடச் சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. அடக்குவதற்குச் செலவாகும் கவனமும் களைப்புமோ கண்கூடு.

அசைவு டிக்குகள் இரண்டாவது இருந்து, ஒலி டிக் ஒன்றாவது இருந்து, அவை 18 வயதுக்கு முன் தொடங்கி ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதை டூரெட் என்கிறோம். வழக்கமாக ஐந்து முதல் ஏழு வயதுக்குள் கண் சிமிட்டலாகத் தொடங்கும். பத்து முதல் பன்னிரண்டு வயதில் உச்சத்தை அடையும். பதின்ம வயது முடிவதற்குள் பலருக்குக் குறைந்துவிடும். சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு இந்தக் கணக்கின் கொடுமை சொல்லாமலே புரியும்: உச்சமும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயும் ஒரே நேரத்தில் வருகின்றன. மன அழுத்தம் டூரெட்டை உண்டாக்குவதில்லை, ஆனால் டிக்கைக் கூட்டும்.

என்னிடம் வருவதற்கு முன் பிள்ளைகள் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். கண் சிமிட்டலுக்குக் கண் மருத்துவர். மூக்கை உறிஞ்சுவதற்கும் தொண்டையைச் செருமுவதற்கும் பலதுறை மருந்தகத்தில் ஒவ்வாமை மாத்திரை. நடுவே எங்காவது ஒரு தாயத்து. டிக் தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது என்பதால், குறையும் வாரத்தில் எது கையில் இருந்ததோ அதற்குப் பெருமை போய்ச் சேர்ந்துவிடும். தாயத்தை நான் கழற்றச் சொல்வதில்லை. "செய்யாதே" என்று நாளைக்கு ஐம்பது முறை சொல்வதை மட்டும் நிறுத்தச் சொல்கிறேன், ஏனென்றால் டிக்கைப் பற்றிப் பேசுவதே டிக்கை வரவழைக்கும்.

இத்தனையையும் கேட்டுவிட்டு அந்த அம்மா கேட்ட அடுத்த கேள்வி, "அப்போ இவன் கெட்ட வார்த்தை பேசுவானா?" என்பது. இந்தக் கேள்வி வராத குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. டூரெட் உள்ளவர்களில் தன்னையறியாமல் வசைச்சொல் வெளிப்படுவது பத்தில் ஒருவருக்கோ, சற்றுக் கூடுதலானோருக்கோதான். பிரெஞ்சு மருத்துவர் ஜில் தெ லா டூரெட் 1885ஆம் ஆண்டில் ஒன்பது பேரைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்தத் தவறான எண்ணத்துக்கு விதை இருக்கிறது. இட்டார்ட் என்ற மருத்துவர் 1825இல் பதிவுசெய்திருந்த ஒரு சீமாட்டியின் கதையை அவரும் சேர்த்துக்கொண்டார். உயர்குடிப் பெண்மணி சபையில் ஆபாச வார்த்தையைக் கத்தினாள் என்றால் யார்தான் மறப்பார்கள்? கண் சிமிட்டியவர்களை உலகம் மறந்தது, சீமாட்டியை மறக்கவில்லை. நகைச்சுவைப் படங்களும் அவளையே பிடித்துக்கொண்டன.

நம் ரசிகர்களுக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு என்றால், ராணி முகர்ஜி டூரெட் உள்ள ஆசிரியையாக நடித்து 2018இல் வெளிவந்த இந்திப் படம் 'ஹிச்கி'. அமெரிக்க ஆசிரியர் பிராட் கோஹனின் தன்வரலாற்றைத் தழுவிய அந்தப் படம் வசைச்சொல்லைத் தொடாமல், ஓர் ஒலி டிக்கோடு வகுப்பறைக்குள் போகும் பெண்ணைக் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் பிள்ளையை அழைத்துவந்தவர்கள் உண்டு. கைப்பேசித் திரையின் கதையோ வேறு. கொவிட் காலத்தில் டிக்டாக், யூடியூப் போன்ற தளங்களில் டிக்குகளைக் காட்டும் காணொளிகள் பெருகியபோது, பதின்ம வயதினர் பலர், குறிப்பாகப் பெண்கள், ஒரே நாளில் தொடங்கிய நீண்ட சொற்களோடும் கைவீச்சுகளோடும் மருத்துவமனைகளுக்கு வந்ததாக ஜெர்மனி, பிரிட்டன், கனடா மருத்துவர்கள் எழுதினார்கள். அது டூரெட் அன்று, செயல்பாட்டு நரம்பியல் கோளாறு; அதாவது, நரம்பு மண்டலத்தில் சேதமில்லாமலே அது இயங்கும் விதத்தில் வரும் கோளாறு. அந்தப் பிள்ளைகளும் நடிக்கவில்லை, அவர்களுக்கான சிகிச்சை வேறு. திரையில் எதைக் காட்டுகிறோம் என்பது உடல்வரை போய்ச் சேரும் என்பதை எங்கள் துறை அப்போது நேராகப் பார்த்தது.

சில ஆண்டுகளுக்கு முன் உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சி நாடகக் குழு ஒன்று என்னிடம் ஆலோசனை கேட்டது. கதையில் டூரெட் உள்ள இளைஞன் ஒருவன்; உச்சக்கட்டத்தில், தங்கையின் திருமண மேடையில், மன உறுதியால் எல்லாவற்றையும் வென்று தங்குதடையின்றிப் பேசுகிறான். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட காட்சிதான். ஆனால் அதைப் பார்க்கும் ஒவ்வொரு பாட்டியும் பேரனைப் பார்த்து, "அவன் நிறுத்தினான்ல, நீயும் நிறுத்து" என்பார். அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. வசனத்தில் டிக் எப்போதும் வாக்கியம் முடிந்த பிறகே வந்தது, சிரிப்பொலிக்கு இடம் விட்டதுபோல. முதல் தொகுப்பில் ஒலிப்பதிவாளர் ஒவ்வொரு கழுத்து வெட்டுக்கும் 'டொய்ங்' என்று ஓர் ஒலியையும் சேர்த்திருந்தார். அதை நீக்கச் சொன்னேன், மறுபேச்சின்றி நீக்கினார்கள்.

மேடைக் காட்சிக்குப் பதிலாக நான் மின்தூக்கியைச் சொன்னேன். எந்தச் சிறுவன் என்று அடையாளம் தெரியாதபடி, இங்கே மாற்றியிருப்பது போலவே, விவரங்களை மாற்றித்தான். அடக்குவதைக் காட்டுங்கள், என்றேன். டிக்கைக் காட்டுவது எளிது. அது வராத நிமிடத்தில் தாடை இறுகுவதையும், எதிரில் இருப்பவர் பேசுவது காதில் பாதிதான் விழுவதையும் காட்டுவதுதான் நடிப்பு. சிகிச்சையைக் காட்டுவதென்றால் அதுவும் எடுப்பதற்கு எளிதுதான். கழுத்து வெட்டுக்கு, உந்துதல் எழும்போதே மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, கழுத்துத் தசையை மெல்ல இறுக்கி, அது தணியும்வரை நேராகப் பார்க்கப் பழக்குகிறோம். இப்பயிற்சியை 126 பிள்ளைகளிடம் சோதித்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் தெளிவாக முன்னேறினார்கள். பாதி என்பது திரைக்கதைக்குப் போதாது என்று இயக்குநர் சிரித்தார். மருந்தும் உண்டு, ஆனால் டிக் இருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லாருக்கும் அது தேவையில்லை. பல பிள்ளைகளுக்கு டிக்கைவிடப் பெரிய தொல்லை, கூடவே வரும் கவனக்குறைவும், வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சியும்தான்.

நாடகத்தில் சொல்ல இடமில்லாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்றுச் சென்றால் அரசாங்க மருத்துவமனைகளில் சலுகைக் கட்டணம் உண்டு. கேகே மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, மனநலக் கழகத்தின் சிறார் மருந்தகம் ஆகிய இடங்களில் இத்தகைய பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். பிஎஸ்எல்இ தேர்வுக்குத் தனி அறையோ கூடுதல் நேரமோ தேவைப்பட்டால் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். நாற்பது பேர் நடுவில் ஒலியை அடக்கியபடி எழுதுவதைவிடத் தனி அறை எவ்வளவோ மேல்.

மின்தூக்கிக் காட்சியை எடுத்த அன்று படப்பிடிப்புக்குப் போயிருந்தேன். அந்த நடிகர் பெரும் முயற்சி எடுத்துக்கொண்டவர். கோணம் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று மூன்று முறை எடுத்தார்கள். மூன்றாவது முறை முடிந்ததும் அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்து, யாரிடமோ கோடாலித் தைலம் வாங்கிக் கழுத்தில் தேய்த்துக்கொண்டார். அந்தச் சிறுவனின் அம்மாவும் இரவுதோறும் அதே தைலத்தைத்தான் தேய்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும்?" என்று கேட்டார் நடிகர்.

அவன் அம்மா எண்ணுவதை நிறுத்திவிட்டார் என்றேன். அவர் தைலத்தை மூடாமல், இன்னும் கொஞ்சம் விரலில் எடுத்துக்கொண்டார்.