பால் பத்தவில்லை என்று சொல்வதற்கு முன்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் இங்கே சுமார் 60 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 42 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோரைக் கணக்கிட்டால், நாட்டின் சராசரி 64 விழுக்காட்டை ஒட்டி இருக்க, நாம் 55 விழுக்காட்டில் நிற்கிறோம். தொடக்கத்தில் முந்தும் நாம் பிறகு பின்தங்குவதற்கான காரணங்களில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் இருக்கிறது என்பது குழந்தைகள் நல மருத்துவராக நான் அன்றாடம் கண்டுவருவது.

"பிள்ளை அழுதுக்கிட்டே இருக்கே, பால் பத்தலை போல" என்ற பேச்சைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் தாயாக இருப்பதில்லை. குழந்தையைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர் அக்கறையோடுதான் அதைச் சொல்லியிருப்பார். முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவே கொள்ளும் என்பதால், சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலே அதற்குப் போதும். பிந்தைய வாரங்களிலும் மாலை நேரத்தில் குழந்தை அரை மணிக்கு ஒரு முறை பால் கேட்டு அழுவது இயல்பு. அந்த அழுகையைப் பசி என்று முடிவுகட்டிப் பால் பவுடரைக் கரைத்துச் சங்கில் ஊட்டினால், வயிறு நிறைந்த குழந்தை அடுத்த வேளைக்கு மார்பைத் தேடாது. குழந்தை சப்பாத மார்பில் சுரப்பும் குறையும். ஒரே வாரத்தில் 'பால் பத்தலை' என்ற சொல் உண்மையாகிவிடும்.

ஆகவே, பால் போதுகிறதா என்பதை அழுகையைக் கொண்டு அளக்காதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து குழந்தை ஒரு நாளைக்கு ஆறு முறையாவது வெளிர்நிறச் சிறுநீர் கழிக்கிறதா, முதல் சில நாட்களில் இயல்பாகக் குறையும் எடை இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த அளவுக்குத் திரும்பியதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் மருத்துவரிடம் வாருங்கள். சில தாய்மார்களுக்கு உண்மையிலேயே பால் குறைவாக இருக்கும், அதற்கும் வழி உண்டு.

நம் வழக்கத்தில் பிரசவம் தாய்வீட்டில் என்பதால், கணவர் சனி ஞாயிறுகளில் வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுத் திரும்பும் விருந்தாளி போல் ஆகிவிடுகிறார். தொலைவில் இருப்பவராலும் செய்ய முடிந்தது உண்டு. "குழந்தை எப்படி இருக்கு?" என்பதற்கு முன்பாக "நீ சாப்பிட்டியா, ராத்திரி தூங்கினியா?" என்று கேளுங்கள். பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் சுரப்பு வலியிலும் மனக்கலக்கத்திலும் தடைபடும். அந்தக் கேள்வியின் பயன் மனதோடு நின்றுவிடுவதில்லை.

உடன் இருக்கும் நாட்களில் கணவருக்கு உரிய வேலை இரவு வேலை. இரண்டு மணிக்குக் குழந்தை எழுந்தால், தூக்கி, ஈரத்துணியை மாற்றி, மனைவியின் கையில் கொடுத்து, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வையுங்கள். குடித்து முடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைத்துப் படுக்க வைப்பதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். தாய் தூங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் இரவில் புட்டிப்பால் கொடுக்கும் வீடுகள் பல. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் மிகுதியாகச் சுரக்கிறது என்பதால், அந்த வேளைகளைத் தவிர்ப்பது சுரப்பையே பாதிக்கும். தூக்கத்தைப் பகலில் ஈடுசெய்யலாம், வேறொருவர் குழந்தையை வைத்துக்கொண்டால்.

இங்கே பிரசவங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை சிசேரியன். தையல் வலியோடு புரண்டு படுக்கவும் முடியாத தாயிடம் ஒவ்வொரு முறையும் குழந்தையைக் கொண்டுபோய்ப் பொருத்த ஒருவர் வேண்டும். பக்கவாட்டில் தலையணை வைத்து, குழந்தையின் கால்கள் தாயின் முதுகுப்புறம் போகுமாறு அக்குளோரமாக ஏந்தினால் தையலின் மேல் அழுத்தம் விழாது. வீடு திரும்பும் முன் துணைக்கு இருப்பவர் இதைச் செவிலியரிடம் பழகிக்கொள்ள வேண்டும்.

பாட்டிமார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூண்டு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை என்று பக்குவம் பார்த்துச் சமைத்துப் போடும் அவர்கள் இல்லாமல் பல தாய்மார்களால் பாலூட்டவே முடிந்திராது. தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதும், குழந்தைக்குச் சேனை என்று நாவில் தேன் தொட்டு வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் கொடுப்பதும் மட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்யக்கூடும். இதையெல்லாம் மாமியாரிடம் எடுத்துச் சொல்லும் சுமையை மருமகளின் தலையில் வைக்காதீர்கள். "ஆறு மாசத்துக்குத் தண்ணிகூட வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்கம்மா" என்று மகன் சொல்லட்டும். பாட்டியையும் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். நான் அவர்களிடம்தான் முதலில் பேசுவேன்; காரணம் புரிந்துவிட்டால் வீட்டில் அவர்களைப் போல் உறுதியாகக் காவல் நிற்பவர் வேறு யாருமில்லை.

பால் கட்டிக்கொண்டு வலித்தால் பாலூட்டுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், தொடர்ந்து ஊட்டுவதே தீர்வு. காய்ச்சலும் சேர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பாலூட்டல் தடைபடும் இன்னொரு கட்டம், தாயும் சேயும் மூன்றாம் மாதம் கணவர் வீட்டுக்குப் போகும் நாட்கள். அம்மாவின் துணை திடீரென்று விலகி, சமையலும் விருந்தினரும் வந்து சேர்கிறார்கள். குழந்தைக்குப் பசிக்கும்போது கூடத்திலிருந்து எழுந்து போகத் தயங்கி, ஒரு வேளையைத் தள்ளிப்போடும் பெண்கள் உண்டு. மத்திய அரசு ஊழியரான தந்தைக்குக் கிடைக்கும் 15 நாள் விடுப்பைக் குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். வீடு முழுக்க உறவினர் நிறைந்திருக்கும் முதல் வாரத்தைவிட, இந்த மூன்றாம் மாதத்தில் எடுப்பதே கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து. தனியார் துறையில் இருப்பவர்களும் கிடைக்கும் நாலைந்து நாட்களை இதற்கென ஒதுக்கி வைக்கலாம்.

தாய் வேலைக்குத் திரும்பும்போது பாலைக் கறந்து வைத்துவிட்டுப் போகலாம். குளிர்பெட்டியின் உட்புறத்தில், கதவில் அல்ல, நான்கு நாள் வரை வைக்கலாம். நம் ஊர் வெயிலில் வெளியே வைப்பதைத் தவிர்ப்பதே நல்லது. அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்கி, பாலாடையில் ஊட்டுங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.