கரிக்கும் தண்ணீரில் டெங்கு கொசு

டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று ராமநாதபுரம் கடற்கரையில் சொல்லாதவர்கள் குறைவு. அதனால் தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறோம். கரையேற்றிப் போட்ட வள்ளத்தின் அடியில், மழையும் கடலும் கலந்து தேங்கிய தண்ணீரைக் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தே ஆக வேண்டும். பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கைக் கரையோரத்தில், கைவிட்ட மீன்பிடிப் படகுகளிலும் பயன்படுத்தாத கிணறுகளிலும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் வளர்வதாக 2011இல் ஆய்வு வெளிவந்தது. அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் வரை உப்பு இருந்தது. கடல்நீரில் சுமார் 35 கிராம்.

நல்ல தண்ணீரில் கிடக்கும் புழுவின் உடம்புக்குள் வெளியே இருப்பதைவிட உப்பு அதிகம். தண்ணீர் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், உப்பு கசிந்துகொண்டே இருக்கும். வால் நுனியிலுள்ள நான்கு சிறு இதழ்கள் வெளியிலிருந்து உப்பை இழுத்து இழப்பை ஈடுகட்டும். உவர் கூடினால் எல்லாம் தலைகீழ்: உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும், உப்பு ஏறும். பெரும்பாலானவை செத்துப்போகும். ஒரே தாயின் முட்டைகளில் கொஞ்சம் தாங்குபவை மட்டும் பிழைத்து அடுத்த தலைமுறையைத் தரும். வெக்கையான ஊரில் முட்டை பொரித்து எட்டுப் பத்து நாளில் கொசு பறந்துவிடுவதால், இந்தச் சலித்தெடுப்பு வேகமாக நடக்கிறது. யாழ்ப்பாணத்து உவர்நீர்க் கொசுக்களில் புழுவின் மேல்தோல் தடித்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கவலை தருவது இதுதான்: கொசுப்புழுவைக் கொல்லத் தண்ணீரில் போடும் அபேட் மருந்துக்கும் அவை எளிதில் சாவதில்லை.

உவர் எங்கிருந்து கூடுகிறது? ராமேசுவரம் போன்ற மணல் தீவில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மோட்டார் இறைத்து அரை மீட்டர் இறங்கினால், அடியிலிருந்து உப்பு காலப்போக்கில் 20 மீட்டர் ஏறலாம். கடல்மட்டம் உயர்வதும் உப்பை இதே பக்கம்தான் தள்ளுகிறது.

தண்ணீரை நாக்கில் வைத்து “கரிக்குது” என்று விட்டுவிடாதீர்கள். வள்ளத்தின் அடி, படகோரம் தொங்கும் டயர், உடைந்த ஐஸ் பெட்டி, பாழ்கிணறு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். நிழல் பட்டதும் சட்டென்று கீழே இறங்கும், மறுபடி மேலே வந்து தலைகீழாகத் தொங்கும்: அது கொசுப்புழு. இறைத்துக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கச்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தே பல மாதம் கிடந்து, தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். தேங்காய் நாரோ தும்புப் பிரஷோ கொண்டு முட்டை ஒட்டிய அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிட்டு, வள்ளத்தைக் கவிழ்த்துப் போடுங்கள்.