தோணியில் நல்ல தண்ணி

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் என் மாமா பல வருஷம் வேலை பார்த்தார். மாலே போய்ச் சேர சுமார் 700 கிலோமீட்டர். கடல் ஒத்துழைத்தாலும் மூன்று நாளாவது ஆகும். கிளம்பும்போது டிரம்மில் நிரப்பிக்கொள்ளும் தாமிரபரணித் தண்ணிதான் அத்தனை பேருக்கும் நல்ல தண்ணி. புதிதாக ஏறும் பையனுக்கு முதல் பாடமே, "ஏலே, கை கழுவ நல்ல தண்ணியத் தொடாத" என்பதுதானாம்.

ஒரு லிட்டர் கடல்தண்ணியில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகம் என்ன பாடுபட்டாலும் ஒரு லிட்டர் சிறுநீரில் 20 கிராம் அளவுக்குத்தான் உப்பைத் தள்ள முடியும். ஒரு லிட்டர் கடல்தண்ணியைக் குடித்தால், அதிலுள்ள உப்பை வெளியேற்ற ஒன்றே முக்கால் லிட்டர் சிறுநீர் போகவேண்டும். மேற்கொண்டு முக்கால் லிட்டருக்கு எங்கே போவது? உடம்பிலிருந்துதான். குடிக்கக் குடிக்கத் தாகம் கூடுவது இதனால்தான்.

ஆனால் குழம்புக்கு அதே தண்ணி உதவும். நடுக்கடலில் மொண்ட ஒரு சின்னக் கரண்டித் தண்ணி, 100 மில்லி, மூன்றரை கிராம் உப்புக்குச் சமம். கரையோரத் தண்ணியில் இதைச் செய்யக்கூடாது. அங்கே ஊர்க்கழிவு கலந்திருக்கும்.

சோப்பு கடல்தண்ணியில் நுரைக்காது. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகிவிடும், பால் திரிந்த மாதிரி. தேங்காயெண்ணெய்ச் சோப்பு மட்டும் ஓரளவு நுரைக்கும். அதன் கொழுப்பு அமிலச் சங்கிலி குட்டையானது, உப்புத் தண்ணியிலும் கரையும். துணி சோப்புத்தூளின் வேதியியல் வேறு என்பதால் அதுவும் நுரைக்கும்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் மாமாவின் சாரம்தான், அதாவது லுங்கி. கடல்தண்ணியில் அலசிக் காயப்போட்டால் மத்தியானம் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். ராத்திரி தொட்டால் பிசுபிசுவென்று ஈரம். மழையே பெய்திருக்காது. தண்ணி ஆவியாகிப் போனாலும் உப்பு நூலிழைகளில் தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே காற்றிலிருந்து தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலில் ராத்திரி அதைத் தாண்டுவது சகஜம். கூடவே இருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், 33 சதவீதத்திலேயே இழுக்கும்.

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணியை வெளியேற்றிவிடுவார்கள். மெக்னீசியம் பெரும்பாலும் அதோடு போய்விடும். சாரத்தில் வடித்துவிட வழியேது? கடல்தண்ணியில் இருந்த அத்தனையும் அதிலேயே காய்கிறது. பகலில் அந்தப் படிகங்கள் தொடை இடுக்கில் உரசிப் புண்ணாக்கும். ராத்திரி அந்த ஈரத்தில் புண் எரியும்.

அதனால் கடல்தண்ணியில் குளித்துவிட்டு, கடைசியாக ஒரே ஒரு சொம்பு நல்ல தண்ணி. மாமா அதைத் தலைக்கு ஊற்றமாட்டார். கையில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கழுத்து, கக்கம், தொடை இடுக்கு என்று உப்பு தங்கும் இடத்தில் மட்டும் தடவித் தேய்ப்பார். தோலில் ஒட்டியிருப்பது மெல்லிய படலம்தானே, இரண்டு கை தண்ணியிலேயே பெரும்பாலான உப்பு போய்விடும். மிச்சத் தண்ணி சாரத்துக்கு.