பேட்டரி இல்லாத லேப்டாப்பில் பயாஸ் அப்டேட்

பேட்டரி உப்பிவிட்டதால் கழற்றி வைத்தாயிற்று. சார்ஜரில் லேப்டாப் நன்றாகவே ஓடுகிறது. ஆன் செய்ததும் முதலில் ஓடி லேப்டாப்பை எழுப்பிவிடும் புரோகிராமான பயாஸுக்கு அப்டேட் போடப் போனால் மட்டும், பேட்டரியைப் பொருத்திவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. நாள் முழுக்க வீடியோ ஓட்டும் சார்ஜருக்கு இந்தச் சில நிமிட வேலை முடியாதா என்று எரிச்சல் வருவது நியாயம்தான்.

உண்மையில் இந்த வேலைக்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை. பயாஸ் குடியிருப்பது மதர்போர்டில் எட்டுக் கால்களோடு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாக ஒட்டியிருக்கும் ஃபிளாஷ் சிப்பில். அழித்து எழுதும்போதுகூட அது 3.3 வோல்ட்டில் சுமார் 25 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சம் நடுவில் அறுந்துவிடக் கூடாது.

ஃபிளாஷில் ஒரு பிட்டை 1-லிருந்து 0 ஆக்குவது எளிது. அதையே திரும்ப 1 ஆக்க வேண்டுமென்றால், அது இருக்கும் தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். சிலேட்டில் ஓர் எழுத்தைத் திருத்த முழுச் சிலேட்டையும் துடைக்கிற கதை. பரவலாகப் புழங்கும் 16 எம்பி சிப் ஒன்றில் 64 கேபி தொகுதியை அழிக்க ஏறத்தாழ 150 மில்லி விநாடி ஆகும். அப்படி 256 தொகுதிகள். பிறகு 256 பைட் கொண்ட பக்கங்களாக எழுத வேண்டும், பக்கத்துக்கு 0.7 மில்லி விநாடி வீதம் 65,536 பக்கங்கள். கணக்குப் போட்டால் அழிக்க 38 விநாடி, எழுத 46 விநாடி. அப்புறம் சரிபார்ப்பு வேறு.

இந்த ஒன்றரை நிமிடத்துக்குள் கரன்ட் போனால்? அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் 10, 20 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். ஒரே ஒரு தொகுதியை அழித்து முடிக்கக்கூட அது போதாது. சார்ஜர் பின் லேசாக நழுவினால் அந்த அவகாசமும் கிடையாது. மறுபடி ஆன் செய்யும்போது பிராசசர் தன் முதல் கட்டளையைத் தேடிப் போவது இதே சிப்புக்குத்தான். அங்கே பழைய பயாஸும் முழுதாக இல்லை, புதியதும் முழுதாக இல்லை. பிழைச் செய்தியைத் திரையில் காட்ட வேண்டியதும் பயாஸ்தான் என்பதால், கறுப்புத் திரையைத் தவிர வேறெதுவும் வராது.

பேட்டரி இருந்தால் அதுவே உள்ளே வைத்த யூபிஎஸ். அது இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்பதை, பேட்டரி, ஃபேன் போன்றவற்றைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிப்பிடம் கேட்டுத்தான் அப்டேட் புரோகிராம் முடிவெடுக்கிறது. மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் இதற்கு உதவாது. அது கடிகாரத்தை ஓடவைப்பது போன்ற சின்ன வேலைகளுக்கு மட்டும்.

பல மாடல்களில் அந்தக் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரும், அதாவது அதற்குள் பதிந்திருக்கும் புரோகிராமும், இதே சாக்கில் மாறும். அப்போது ஃபேன் முழு வேகத்தில் இரையும், திரை இருண்டு கிடக்கும். ஹேங் ஆகிவிட்டது என்று பவர் பட்டனை அழுத்திவிடுவார்கள். என்னைக் கேட்டால் கரன்ட் போவதைவிட அந்த விரல்தான் ஆபத்து.

சரி, பேட்டரியே இல்லை, என்ன செய்வது? டெல் நிறுவனத்தின் அப்டேட் புரோகிராமை கமாண்ட் வரியில் 'ஃபோர்ஸ்இட்' (/forceit) என்ற சொல்லோடு ஓட்டினால் பேட்டரி சோதனையைத் தாண்டிவிடும். சோதனை போகுமே தவிர அபாயம் அப்படியேதான் இருக்கும். அடாப்டரை யூபிஎஸ்ஸில் செருகி, லேப்டாப்பை மடியில் வைக்காமல் மேசையில் அசையாமல் வைத்துச் செய்யலாம். பாதுகாப்புத் திருத்தம் மாதிரி அவசரம் ஏதும் இல்லையென்றால், புது பேட்டரி வரும்வரை பொறுப்பதே மேல்.

நடுவில் அறுந்துபோனாலும் சில மாடல்கள் பயாஸின் பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருந்து தாமே எழுந்துவிடும். மற்றவற்றுக்கு சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்வும் கிளிப்பும், வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து சிப்பில் நேரடியாக எழுதும் சிஎச்341ஏ போன்ற யூஎஸ்பி புரோகிராமர் கருவியும் வேண்டும். சிப் 3.3 வோல்ட்டா, 1.8 வோல்ட்டா என்று முதலில் பார்க்க வேண்டும். புள்ளி வைத்திருக்கும் மூலைதான் முதல் கால். சீரியல் எண் போன்றவை பெரும்பாலும் இதே சிப்பில் இருப்பதால், அழிப்பதற்கு முன் உள்ளே இருப்பதை இரண்டு முறை படித்துச் சேமித்து, இரண்டு ஃபைலும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். ஒரு கால் சரியாகக் கவ்வவில்லை என்றாலும் பெரும்பாலும் வித்தியாசம் தெரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த வேலைக்கு மட்டும் பேட்டரி, சார்ஜர் இரண்டையுமே கழற்றியிருக்க வேண்டும். சிப்புக்கு வேண்டிய மின்சாரம் கிளிப் வழியாகவே போய்விடும்.