அமெரிக்காவில் தொழில்முறை குத்துச்சண்டை: பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் குத்துச்சண்டைக்கு அனுமதி தருவது அந்தந்த மாநில ஆணையம். முன்பெல்லாம் ஒரு மாநிலத்தில் நாக் அவுட் ஆனவர், சில நாளிலேயே பக்கத்து மாநிலத்தில் வேறு பெயரில்கூட ரிங் ஏறிவிட முடிந்தது. அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 1996ஆம் ஆண்டின் தொழில்முறை குத்துச்சண்டைப் பாதுகாப்புச் சட்டம். அமெச்சூர் போட்டிகளுக்கும், பல தற்காப்புக் கலைகள் கலந்த எம்எம்ஏ சண்டைக்கும் இது பொருந்தாது.

போட்டி நடக்க வேண்டுமானால் நான்கு ஏற்பாடுகள் கட்டாயம். வீரரைப் பரிசோதித்து, சண்டையிடத் தகுதி உண்டு என்று மருத்துவர் சான்று தர வேண்டும். ரிங் ஓரத்தில் ஒரு மருத்துவர் கடைசி வரை இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ், அல்லது உயிர்காக்கும் கருவிகளோடு மருத்துவக் குழு, அரங்கிலேயே நிற்க வேண்டும். போட்டியில் படும் காயங்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் இருக்க வேண்டும்.

ஆம்புலன்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மண்டைக்குள் சிறு ரத்தக்குழாய் கிழிந்தால் ரத்தம் மெல்ல மெல்லத்தான் சேரும். வீரர் நடப்பார், பேசுவார். பிறகு தலைவலி, வாந்தி, மயக்கம். அதற்குள் அறுவை சிகிச்சை மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். 2013 நவம்பர் 2 அன்று நியூயார்க்கில் பத்து ரவுண்டு ஆடித் தோற்ற குத்துச்சண்டை வீரர் மகமது அப்துசலாமோவ் டாக்சியில்தான் மருத்துவமனைக்குப் போனார். மூளையில் ரத்தக்கட்டி. உயிர் பிழைத்தாலும் முன்புபோல் நடக்கவோ பேசவோ முடியாத நிலை. 2017இல் நியூயார்க் மாநிலம் 2.2 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது.

சட்டத்தில் பெரிய குறை ஒன்று உண்டு. பரிசோதனை வேண்டும் என்கிறதே தவிர, எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா என்று சொல்லவில்லை. இன்சூரன்ஸ் எவ்வளவு என்றும் சொல்லவில்லை. இரண்டையும் மாநிலம்தான் முடிவு செய்கிறது. நியூயார்க் 2016இல் மருத்துவக் காப்பீட்டை 50,000 டாலராக உயர்த்தி, உயிருக்கு ஆபத்தான மூளைக் காயத்துக்குத் தனியாக 10 லட்சம் டாலர் வைத்தது. வேறு மாநிலத்தில் இதே தொகை இருக்கும் என்று நம்பிப் போட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. பாலிசியின் தொகையையும், முதலில் வீரர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு வீரரும் ஆணையத்தில் பதிந்து, புகைப்படமும் தனி எண்ணும் உள்ள அடையாள அட்டை பெற வேண்டும். எடை பார்க்கும் நேரத்துக்குள் அதைக் காட்டியாக வேண்டும். போட்டி முடிவு 48 அலுவல் மணி நேரத்துக்குள் வீரர்களின் பதிவேட்டுக்குப் போய்விட வேண்டும். நாக் அவுட், தொடர் தோல்வி, காயம் ஆகியவற்றுக்காக ஒரு மாநிலம் தடை விதித்தால், வேறு எந்த மாநிலத்திலும் சண்டையிட முடியாது. தெரிந்தே மீறும் புரமோட்டருக்கும் (போட்டியை ஏற்பாடு செய்பவர்) மேலாளருக்கும் ஓராண்டு வரை சிறையோ 20,000 டாலர் வரை அபராதமோ உண்டு.

தடை நீங்க, உடல்நிலை தேறியதற்கான மருத்துவச் சான்றுகளோடு, தடை விதித்த ஆணையத்திடமே மறுஆய்வு கேட்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சட்டம் தடுப்பது போட்டியை மட்டும்தான், ஜிம்மில் நடக்கும் ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையை அல்ல. தடைக்காலத்தில் அங்கே தலையில் வாங்கும் அடியைப் பார்க்க ரிங் டாக்டரும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை.